ஐப்பசிக்கு முன் கூரை ஏறுங்கள்

புரட்டாசி நடக்கிறது. கச்சான் தணிந்துவிட்டது, வாடை இன்னும் எழவில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் கூரை வேலைக்குத் தோதான இடைவெளி இதுதான். இதை விட்டால் ஐப்பசியில் கொத்தனாரும் கிடைக்கமாட்டார், சாந்தும் காயாது.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியில் ஏறக்குறைய பாதி அது. அப்படிப்பட்ட மழை ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். ஓட்டை விழுவது ஆண்டு முழுக்க வீசும் உப்புக்காற்றால். உப்பு முதலில் பிடிப்பது இரும்பை. ஆகவே எந்தக் கூரையானாலும் ஒழுகும் இடத்தைத் தேடுமுன் இரும்பு இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட வீடுகளில் ஷீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். தலை துருப்பிடித்திருந்தாலும் வாஷர் வெடித்திருந்தாலும் மாற்றுங்கள். எவர்சில்வர் போல்ட்டுக்கு விலை கூடுதல்தான்; ஓரங்களிலும் முகட்டிலுமாவது போடுங்கள், காற்று முதலில் தூக்குவது அங்கேதான். பழைய ஆஸ்பெஸ்டாஸ் மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு ஏறுங்கள். அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம், தூள் நுரையீரலுக்கு ஆகாது. மேலே அடுக்கிய கல்லையும் மணல் மூட்டையையும் இறக்கிவிடுங்கள். பெரும் புயலில் கல் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. கடல்மணல் மூட்டையோ ஈரம் பிடித்து அடியிலிருக்கும் தகரத்தை அரிக்கும்.

கான்கிரீட் வீட்டுக்காரர்கள் மாடியில் சருகையும் மண்ணையும் வாரி, தண்ணீர் வடியும் குழாயைக் குத்திவிட்டதோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்குள் வந்து அண்ணாந்தும் பாருங்கள். பூச்சு உப்பியிருக்கிறதா, கம்பி ஓடும் வாக்கில் நீள விரிசலா, பழுப்புக் கறையா? உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது என்று பொருள். அதன்மேல் சிமெண்ட் பால் அடிப்பது கடலில் கரைத்த பெருங்காயம். உப்பிய பகுதியைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் பூசி, பாலிமர் கலந்த சாந்தால் மூடச் சொல்லுங்கள். கம்பியே இளைத்துப்போயிருந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

சாந்து குழைக்கும் தண்ணீரில்தான் நம் ஊரில் பலர் கோட்டைவிடுகிறோம். உவர்க்கிணற்றுத் தண்ணீரில் குழைத்து, அதையே ஊற்றி நனைத்தால் உப்பை நாமே கம்பிக்கு ஊட்டுகிறோம். நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கிச் சாந்தில் ஊற்ற மனசு வராதுதான். இந்த வேலைக்கு வாங்கத்தான் வேண்டும். கரையில் அள்ளிய மணலும் கூடாது. 1964 டிசம்பர் புயல் விழுங்கிய தனுஷ்கோடியில் கூரையில்லாமல் இன்னும் நிற்கும் தேவாலயச் சுவர்கள் பவளக் கல்லால் கட்டியவை. உள்ளிருந்து துருவேறிப் பிளக்க அவற்றில் கம்பி இல்லை. அந்தக் கல்லைக் கடலிலிருந்து எடுப்பது இன்று குற்றம், நமக்குக் கம்பியை விட்டால் வழியுமில்லை.

ஓட்டு வீட்டில் நழுவிய ஓட்டைத் தள்ளிவைத்து, முகட்டு ஓட்டின் சாந்தைப் புதுப்பித்தால் பாதி வேலை முடிந்தது. ரீப்பரில் கறையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

பனை ஓலை வேய்ந்தவர்கள் ஓலையைவிடக் கட்டுக்கயிற்றைக் கவனியுங்கள். கையால் இழுத்தால் இற்றுவிடுவதை மாற்றுங்கள். கடற்கரைக் குடிசைகளில் பழைய வலையைக் கூரைமேல் விரித்துக் கட்டுவார்கள். அதைவிட மலிவான காப்பு எனக்குத் தெரிந்து இல்லை. நுனிகளைக் கல்லில் சுற்றித் தொங்கவிடாமல், முளையடித்துத் தரையோடு கட்டுங்கள்.

மழைநீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் புறா எச்சத்தைக் கழுவிவிட்டு, முதல் மழையை வெளியே விடுங்கள்.

பாம்பனில் 3-ஆம் எண் புயல் கூண்டு ஏறிவிட்டால் வேலை எந்த நிலையில் இருந்தாலும் இறங்கி ஏணியைச் சாய்த்துவிடுங்கள். வீடு தாங்குமா என்று சந்தேகம் இருந்தால் காற்று வலுக்குமுன் முகாமுக்குப் போய்விடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.