கார்ன்வால் கடலோரத்தில் ஐந்து நாள் நடை: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எது இந்தப் பாதை?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையைச் சுற்றி, மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை 630 மைல், அதாவது 1,014 கிலோமீட்டர் போகிறது சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத். முழுவதும் நடந்து முடிக்க ஏழெட்டு வாரம் ஆகும்.

கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கரைக்காவலர்கள் ரோந்து போன தடங்களிலிருந்து வந்தது இந்தப் பாதை. ஒவ்வொரு சிறு குடாவையும் எட்டிப் பார்ப்பது அவர்கள் வேலை. அதனால் பாதை குடாதோறும் இறங்கி, உடனே மறுபக்கம் ஏறுகிறது. வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் ஊருக்குப் போய்ச் சேர அரை நாள் ஆகலாம். எனவே நாம் கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கைப் பார்ப்போம். மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறைப் பகுதியில் அதுவும் குறையும்.

எங்கே தொடங்கலாம்?

முதல் தடவையே முழுப் பாதைக்கு ஆசைப்பட வேண்டாம். கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸிலிருந்து பென்சான்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர், ஐந்து நாள். இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் இருக்கிறது. கால் ஒத்துழைக்காவிட்டால் சாலைக்கு ஏறிப் பேருந்து பிடிக்கலாம். கடல் நம் வலக்கைப் பக்கம் இருக்கும்வரை திசை சரி. கம்பங்களில் ஓக் மரக்காய்ச் சின்னம் செதுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்தே போகலாம்.

எப்போது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் மெதுவாக நடப்பவர்களுக்கு அதுவே நல்ல மாதம். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய அங்கே பள்ளி விடுமுறை; அறை கிடைப்பது அரிது, வாடகையும் எகிறும்.

எதற்குப் பின் எது?

வரிசை முக்கியம். முதலில் தங்குமிடங்களை, கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதியுடன் பதிவு செய்வோம். வழியிலுள்ள ஊர்கள் சிறியவை, அறைகள் குறைவு. அறை கிடைக்கும் நாளை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

அடுத்து விசா. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றுலா விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக மூன்று வாரத்தில் வந்துவிடும். அது கைக்கு வந்த பிறகு விமானம், பயணக் காப்பீடு, கடைசியாக ரயில். லண்டன் பேடிங்டனில் ஏறி செயின்ட் எர்த்தில் இறங்கி, கரையை ஒட்டி ஓடும் குட்டி ரயிலுக்கு மாற வேண்டும். முன்கூட்டி வாங்கும் ரயில் டிக்கெட் பாதி விலைக்கும் கிடைப்பதுண்டு.

பயிற்சி

இரண்டு மாதம் போதும். வாரத்தில் மூன்று நாள், முதுகில் ஐந்து கிலோ பையோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும், அதைக் குறைக்காதீர்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். பையோடு சுற்றிவிட்டு மறுநாளும் நடக்க முடிந்தால் நாம் தயார். புது ஷூவை இந்த இரண்டு மாதத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

எதை எடுத்துப்போவது?

நல்ல மழைக்கோட்டு, சீக்கிரம் உலரும் துணி, கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, 1:25,000 அளவுள்ள ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் உலராது. பருப்புப் பொடி, ஊறுகாய் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நெய்யும் பால் இனிப்புகளும் கூடாது: இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது.

நாள் வாரியாக

முதல் நாள் செயின்ட் ஐவ்ஸிலிருந்து ஸெனார், 10 கிலோமீட்டர். தூரம் குறைவு என்று அலட்சியமாக இருக்காதீர்கள்: முழுக்கப் பாறையும் சேறும், நடுவில் ஒரு கடைகூடக் கிடையாது. ஐந்து மணி நேரம் ஒதுக்குவோம். ஸெனார் தேவாலயத்தில் கடற்கன்னி செதுக்கிய பழைய மர இருக்கையைப் பார்க்காமல் வராதீர்கள்.

இரண்டாம் நாள் பெண்டீன். அங்கே 1990-இல் மூடப்பட்ட கீவர் வெள்ளீயச் சுரங்கம் இப்போது அருங்காட்சியகம். மூன்றாம் நாள் பொட்டாலக்கில் குன்றின் விளிம்பில் நிற்கும் சுரங்க எஞ்சின் கட்டடங்களைக் கடந்து செனன் கோவ்.

நான்காம் நாள் லேண்ட்ஸ் எண்ட் வழியாக போர்த்கர்னோ. லேண்ட்ஸ் எண்டில் கூட்டமும் கடைகளும்தான். பத்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தைப் போர்த்கர்னோவுக்குக் கொடுங்கள். 1870-இல் பம்பாயிலிருந்து கடலடியில் வந்த தந்திக் கம்பித் தொடர் இந்தச் சிறு கடற்கரையில்தான் கரையேறியது. அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மேலே பாறையைக் குடைந்து அமைத்த மைனாக் திறந்தவெளி அரங்கு. ரொவீனா கேட் என்ற பெண்மணி தோட்டக்காரர்களின் துணையோடு உருவாக்கியது. 1932-இல் அங்கே முதல் நாடகம் நடந்தது.

கடைசி நாள் பென்சான்ஸ், சுமார் 18 கிலோமீட்டர். காலையில் சீக்கிரம் கிளம்புவோம்.

எவ்வளவு ஆகும்?

விடுதியில் ஒரு படுக்கை 25 முதல் 35 பவுண்ட். காலை உணவோடு இருவர் தங்கும் அறை என்றால் 90-லிருந்து 140. இரவுச் சாப்பாடு 15 முதல் 20. பகலுக்கு ஒரு பேஸ்ட்டி (உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட பண்டம்) ஐந்தாறு பவுண்ட், சைவர்களுக்குச் சீஸும் வெங்காயமும் வைத்தது கிடைக்கும். சிக்கனமாகப் போனால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 65 பவுண்ட் வைத்துக்கொள்ளலாம். லண்டனிலிருந்து ரயில் போகவர 100 முதல் 160. விமானமும் விசாவும் தனி.

பையை விடுதிக்கு விடுதி வேனில் அனுப்பும் சேவையும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதிலாவது மிச்சம் பிடிக்கலாம்.

கவனம்

குன்று விளிம்பிலிருந்து தள்ளியே நடங்கள்; மழைக்குப் பின் மண் சரியும். படம் எடுக்கும்போது நின்று எடுங்கள். கீழே கடற்கரையில் இறங்குமுன் ஓதநேரம் பாருங்கள். ஓதம் ஏறும்போது சில குடாக்களில் வழி அடைபடும். இங்கிலாந்தில் கண்ட இடத்தில் கூடாரம் போட அனுமதியில்லை. ஸெனார் பக்கம் கைபேசி சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு, ஆகவே எந்த வழியில் எப்போது வருவோம் என்று அன்றிரவு தங்கும் இடத்தில் சொல்லி வையுங்கள். கரையில் ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 999; கேட்க வேண்டியது ‘கோஸ்ட்கார்ட்’. அழைப்புக்குக் கட்டணம் கிடையாது.