இரண்டு மணி நேரத்து வானம்

பெரும்பாக்கம்

அன்புள்ள மாப்பிள்ளை,

மேக வகைகளையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டாய் என்று அக்கா சொன்னாள். சந்தோஷம். ஆனால் விமானிக்கு அன்றாடம் வேண்டியது அடுத்த இரண்டு மணி நேரம். அதைக் கணிக்க ஒரு மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை) போதாது. அடுத்தடுத்து வந்த நாலைந்தை வரிசையாக வைத்துப் படிக்க வேண்டும்.

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அரை மணிக்கு ஒரு மெட்டார். ஜூலை மாதப் பகல் என்று வைத்துக்கொள். காற்று 26012, அதாவது 260 டிகிரியிலிருந்து 12 நாட், மேற்குக் காற்று. வெப்பநிலையும் டியூ பாயின்ட்டும் (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 37/20. அடுத்த மெட்டாரில் காற்று 12010, வெப்பநிலையும் டியூ பாயின்ட்டும் 34/26. கடற்காற்று வந்துவிட்டது. வெயில் தணிந்தது என்று நிம்மதியாகிவிடாதே. டியூ பாயின்ட் 6 டிகிரி ஏறியிருக்கிறது பார். இடிமேகத்துக்கு வேண்டிய ஈரம் தரையோரம் வந்து சேர்ந்துவிட்டது. கடலுக்குக் கிட்ட இருப்பதால் நம் மொட்டை மாடிக்கு முதலில் வரும் அந்தக் காற்று, பிறகுதான் தாம்பரத்துக்குப் போகும். இன்னும் மேற்கே, எதிரில் வரும் வறண்ட காற்றோடு அது முட்டும் இடத்தில் மேகம் திரளும். உயரத்தில் வீசுவது மேற்குக் காற்றே என்பதால், அங்கே வளர்ந்த மேகம் மாலையில் நம் பக்கம் வந்து கொட்டும்.

அப்போது ரேடார் படத்தைத் திற. சென்னைத் துறைமுகத்தில் 2002-இல் நிறுவிய எஸ்-பேண்ட் டாப்ளர் தொலைவில் இருப்பதைக் காட்டும்; பள்ளிக்கரணையில் 2022-இல் தொடங்கிவைத்த எக்ஸ்-பேண்ட் பக்கத்து மேகங்களை நுணுக்கமாகக் காட்டும். அரை மணி இடைவெளியில் இரண்டு படங்களை ஒப்பிடு. மேகம் 15 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால், ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது ஒரு மணிக்குள் ரன்வேக்கு வரும். இந்தக் கணக்கை அதற்கு மேல் நீட்டாதே. தனி இடிமேகத்தின் ஆயுளே ஏறக்குறைய அவ்வளவுதான். அது கரையும்போது கீழே கொட்டும் குளிர்காற்று முன்னால் ஓடிப் புது மேகத்தை எழுப்பும். மழை இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே ரன்வேயில் காற்றைத் திருப்பிவிடும். இறங்கும் விமானத்தின் வேகம் சட்டென ஏறி விழும். மழையை மட்டும் பார்த்துக் காத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மார்கழி விடியல் வேறு மாதிரி. காற்று அடங்கி, வெப்பநிலைக்கும் டியூ பாயின்ட்டுக்கும் உள்ள இடைவெளி மெட்டாருக்கு மெட்டார் சுருங்கினால் மூடுபனியை எதிர்பார். 2018 ஜனவரி 13, போகியன்று புகையும் சேர்ந்துகொண்டதில் மீனம்பாக்கம் வர வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

மெட்டாரின் கடைசியில் ‘நோசிக்’ என்றிருந்தால், இரண்டு மணி நேரத்துக்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று வானிலை அலுவலர் சொல்கிறார். அதைப் படிப்பதற்கு முன் உன் கணிப்பை ஒரு வரி எழுதி வை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் காரணத்தை அவரிடமே கேள். நாளைக்கு வட்டமடிக்க எத்தனை நிமிட எரிபொருளைக் கூடுதலாக ஏற்றுவது என்பதை அந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறாய்.

அன்புடன்,
மாமா