சாப்பிடாத பாம்பும் தவிக்கிற பிள்ளைகளும்

எங்கள் ஊரில் மலைப்பாம்பை வெங்கிணாந்தி என்போம். கோழிக்கூட்டுப் பக்கம் கண்டால் தடியைத் தேடுவோம். அதன் ஆபிரிக்கச் சொந்தக்காரனான பால் பைதானை (ball python) ரொறன்ரோவில் கண்ணாடித் தொட்டியில் வைத்து, "இன்றைக்காவது ஒரு வாய் சாப்பிடு ராசா" என்று கெஞ்சுவேன் என அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இப்போது பால் பைதான் வளர்க்கத் தொடங்கும் பிள்ளைகள் எனக்கு நடுச்சாமத்தில் தொலைபேசி எடுக்கிறார்கள். "மாமா, மூன்று கிழமையாகச் சாப்பிடவில்லை." எல்லோருக்கும் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. வாங்கும்போதே கேளுங்கள். குட்டி எத்தனை தடவை தானாகச் சாப்பிட்டிருக்கிறது? சுண்டெலியா, பெரிய எலியா? உயிருள்ளதா, உறையவைத்ததா? நிறத்தையும் கோலத்தையும் பார்த்து மயங்கிக் காசைக் கொடுத்துவிட்டுப் பிறகு இதையெல்லாம் விசாரிப்பவர்களே அதிகம். நாலைந்து தடவையாவது தானாகச் சாப்பிட்டிராத குட்டியைப் புதியவர் வாங்க வேண்டாம். இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று: அங்கே 2024ஆம் ஆண்டு விதிகளின்படி இந்தப் பாம்பைப் பதிவு செய்தே வளர்க்க வேண்டும்.

2. அது எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளி அதன் வீடு. பகலெல்லாம் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் சுருண்டு கிடக்கும். கறையான் கட்டப் பாம்பு குடிபோகும் கதை அங்கேயும் உண்டு. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகிவிடும், பெயரும் அதனால்தான். இப்படிப்பட்ட பிராணியை நான்கு பக்கமும் வெளிச்சம் விழும் பெரிய தொட்டியில், ஒளிய இடமில்லாமல் விட்டால் அதற்குப் பசி எங்கிருந்து வரும்? சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு ஒளிவிடம் வையுங்கள். உடம்பு மூன்று பக்கமும் முட்டுகிற அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். மிச்ச இடத்தை இலை, கிளை, மரப்பட்டை என்று நிரப்பிவிடுங்கள். என்னிடம் வந்த முறைப்பாடுகளில் பாதி இந்த ஒரு வேலையோடு தீர்ந்திருக்கிறது.

3. சூடு. சூடான பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கையால் தொட்டுப் பார்த்து "சூடாய்த்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள், வெப்பமானி வாங்குங்கள். சூடாக்கும் கருவி எதுவானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டக் கூடாது. உடம்பில் சூடு இல்லாவிட்டால் விழுங்கியதும் செரிக்காது. அது பாம்புக்குத் தெரியும், அதனால் வாயைத் திறக்காது. ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் பாருங்கள். கனடாக் குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி காற்றை அப்பளம்போலக் காயவைத்துவிடும்.

4. புதிதாக வந்த பாம்பை ஒரு கிழமை தொடவே தொடாதீர்கள். படம் எடுக்காதீர்கள், சிநேகிதர்களைக் கூட்டி வந்து காட்டாதீர்கள். தண்ணீர் மாற்றுங்கள், போய்விடுங்கள். இதுதான் பிள்ளைகளுக்கு ஆகக் கஷ்டமான பாடம்.

5. எலியின் பருமன் பாம்பின் உடம்பில் தடித்த இடத்தின் அளவுக்குப் போதும். குட்டிக்கு அதன் நிறையில் பத்திலொரு பங்கு, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை. வளர்ந்ததற்கு இரண்டு மூன்று கிழமைக்கு ஒன்று போதும். கொழுத்த பாம்பு அழகல்ல.

6. உறைந்த எலியை முதல்நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள். பிறகு பையில் போட்டுச் சுடுதண்ணீரில் வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். வெளியே வெந்து உள்ளே உறைந்திருக்கும், சிலவேளை வெடித்தும்விடும். பாம்பின் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன அல்லவா? சூட்டை உணர்கிற புலன் அது. ஆகவே எலி உயிரோடிருக்கும் எலியின் சூட்டுக்கு, அதாவது 38 பாகைக்குக் கிட்ட வர வேண்டும்; தலை இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தால் நல்லது. ஈரத்தைத் துடையுங்கள். பொழுதுபட்ட பின், விளக்கை அணைத்து, நீண்ட இடுக்கியால் பிடித்து ஒளிவிடத்தின் வாசலில் மெல்ல அசையுங்கள். மூக்கில் குத்தாதீர்கள். தாக்கிச் சுற்றிக்கொண்டதும் சிலைபோல நில்லுங்கள். வாங்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் கிடந்தால் எறிந்துவிடுங்கள். திரும்ப உறையவைக்கக் கூடாது.

7. உயிருள்ள எலியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இது நான் பட்டது. முதல் வருடம் ஒரு கடைக்காரர் சொன்னாரென்று உயிருள்ள எலியொன்றைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு இரவு வேலைக்குப் போனேன். விடிய வந்து பார்த்தால் பாம்பு பந்தாகச் சுருண்டிருக்கிறது, எலி அதன் முதுகைக் கறித்திருக்கிறது. வைத்தியருக்குக் கொடுத்த காசு போகட்டும். அந்தத் தழும்பு ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் எனக்குத் தெரியும்.

8. மறுத்தால் அடுத்த நாளே மறுபடி நீட்டாதீர்கள். ஏழு நாள், பத்து நாள் விடுங்கள். நாள்தோறும் நீட்டினால் அதற்கு எலியே பயமாகிவிடும். கண் நீலம்பாய்ந்து சட்டை உரிக்கப் போகும் நேரத்தில் பலதும் தின்னாது. உரித்த பின் கேளுங்கள். சுண்டெலியில் பழகியது பெரிய எலியை ஏறிட்டும் பார்க்காது. சுண்டெலி படுத்த மரத்தூளில் அந்த எலியைப் புரட்டிக் கொடுத்துப் பாருங்கள். வாயைத் திறந்து திணிப்பது உங்கள் வேலையல்ல, வைத்தியரின் வேலை.

9. வளர்ந்த பாம்பு, குறிப்பாக ஆண், குளிர்காலத்திலும் இணைசேரும் காலத்திலும் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அது நோயல்ல. சமையலறைத் தராசு ஒன்றும் கொப்பி ஒன்றும் வாங்கி மாதம் ஒருமுறை நிறையை எழுதுங்கள். நிறை நின்றால் நீங்களும் நிம்மதியாக நில்லுங்கள். பத்திலொரு பங்குக்கு மேல் குறைந்தால், மூச்சில் சீழ்க்கை கேட்டால், வாயில் நுரை கண்டால், குட்டியொன்று வாரக்கணக்கில் மெலிந்துகொண்டே போனால் ஊர்வன பார்க்கும் விலங்கு வைத்தியரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

10. சாப்பிட்ட பின் இரண்டு நாள் தூக்காதீர்கள். கக்கிவிட்டால் இரண்டு கிழமை வயிற்றுக்கு ஓய்வு; பிறகு சின்ன எலியாகக் கொடுங்கள்.

என் பெரியவன் போன ஐப்பசியில் வாயை மூடினான். கொப்பியில் அவனுடைய பக்கம் இப்படி இருக்கிறது: ஐப்பசி, 1,520 கிராம். தை, 1,495. பங்குனி, 1,480. அதற்குக் கீழே: செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை, எலி ஒன்று, சாப்பிட்டான்.