ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் பயிற்சி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதை வைத்து வீட்டிலேயே இங்கிலீஷ் கற்றுக்கொள்ள முடியுமா?" முடியும். அதற்குப் பணம் கொடுத்து எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பவற்றை வைத்தே எப்படிப் பயிற்சி செய்யலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் சிறிய டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். என் அக்கா மகள் பி.எஸ்சி. நர்சிங் படித்துவிட்டு ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள். இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு எழுதினாள். கேட்டலில் 7.5, வாசித்தலில் 7, எழுதுதலில் 6.5, பேசுதலில் 6. நான்கின் சராசரி 6.75. அதை 7 என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சில் எழுதுதலில் 6.5 இருந்தால் ஏற்றுக்கொள்கிறது; மற்ற மூன்றிலும் தனித்தனியாக 7 கேட்கிறது. பேசுதலில் ஒரு மதிப்பெண் குறைந்ததால் எல்லாம் நின்றுபோனது. கட்டணம் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். அக்காவின் வளையல் ஏற்கெனவே அடகுக் கடையில் இருந்தது.

"மாமா, நான் நல்லாத்தானே பேசினேன்? எங்கே தப்பு செஞ்சேன்னே தெரியலையே" என்று அழுதாள். அவள் சொன்னதில்தான் விஷயமே இருந்தது. எங்கே தவறு என்று தெரியாமல் இன்னும் நூறு மாதிரித் தேர்வு எழுதினாலும் பயனில்லை.

தைவான் இளைஞரின் நோட்டு

அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்த தைவான் இளைஞர் ஒருவர் பிரிண்ட் எடுக்கக் கடைக்கு வந்தார். அவருடைய தாய்மொழி சீனம். அவரும் இதே தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், "மை மதர் இஸ் எ டீச்சர். ஹி டீச்சஸ் மேத்ஸ்" என்றார். என் அக்கா மகள் 'ஷி' என்று திருத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே பையில் இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். சீனம் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் தவறுகளை மட்டும் அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தார்.

சீனத்தில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்துதான் வேறு. அதனால் பேசும்போது 'ஹி', 'ஷி' மாறிவிடுகிறது. காலத்துக்கு ஏற்ப வினைச்சொல் வடிவம் மாறாத மொழி அது. அதனால் 'கோ', 'வென்ட்' குழம்புகிறது. 'ட்', 'க்' போன்ற ஒலிகளில் அவர்கள் சொற்கள் முடிவதில்லை. அதனால் ஆங்கிலச் சொற்களின் கடைசி ஒலி நழுவிவிடுகிறது.

இந்தத் தொல்லைகள் நமக்குக் குறைவு. வந்தான், வருகிறான், வருவான் என்று காலம் காட்டிப் பேசிப் பழகியவர்கள் நாம். 'அவன்', 'அவள்' நமக்குக் குழம்பாது. ஆனால் நமக்கென்று வேறு தவறுகள் இருக்கின்றன. "உங்கள் பட்டியல் எங்கே?" என்று அவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்று மாலையே கம்ப்யூட்டரில் வேலையைத் தொடங்கினோம்.

முதல் வேலை: மைக்கைச் சரிபாருங்கள்

மைக் உள்ள ஹெட்செட் ஒன்று இருந்தால் நல்லது. லேப்டாப்பில் உள்ள மைக் ஃபேன் சத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்துவிடும். ஹெட்செட்டைச் செருகியபின் விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று வரிசையாகச் செல்லுங்கள். இன்புட் என்ற பகுதியில் உங்கள் மைக்கின் பெயர் தெரியும். பேசிப் பாருங்கள். பக்கத்தில் உள்ள கோடு அசைந்தால் மைக் வேலை செய்கிறது என்று பொருள். அசையவில்லை என்றால் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குச் சென்று, மைக்ரோஃபோன் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் சவுண்ட் ரெக்கார்டர் என்று தேடித் திறந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10-இல் இதன் பெயர் வாய்ஸ் ரெக்கார்டர். சிவப்புப் பட்டனைக் கிளிக் செய்தால் பதிவு தொடங்கிவிடும்.

பேசுதல் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். அதன் இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்புக் கொடுத்து, யோசிக்க 1 நிமிடமும் பேச 2 நிமிடம் வரையும் தருவார்கள். இதையே வீட்டிலும் செய்யுங்கள். கிளாக் புரோகிராமில் உள்ள டைமரை வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் ஊர்", "நீங்கள் மதிக்கும் ஒருவர்" என்று எளிய தலைப்பு போதும். நடுவில் நிறுத்தாதீர்கள். தவறினாலும் தொடர்ந்து பேசுங்கள்.

பதிவு முடிந்ததும் ஃபைலுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் கொடுங்கள். அப்போதுதான் ஃபோல்டரில் அவை தேதிப்படி அடுக்கி நிற்கும்.

உங்கள் குரலை நீங்களே கேளுங்கள்

முதல் முறை கேட்கும்போது கூச்சமாக இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். இரண்டாம் முறை ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கேளுங்கள். நாங்கள் கேட்டபோது கிடைத்த பட்டியல் இது.

1. 'ஷி இஸ் நர்ஸ்' என்று சொன்னாள். நடுவில் 'எ' இல்லை. 'எ', 'தி' இரண்டுக்கும் தமிழில் நேரான சொல் கிடையாது. சீனத்திலும் கிடையாது. தைவான் இளைஞரின் நோட்டிலும் இந்தத் தவறு இருந்தது.

2. 'டூ டேப்லெட்' என்றாள். தமிழில் 'இரண்டு மாத்திரை' என்பது சரியான பேச்சு. ஆங்கிலத்தில் கடைசியில் 'ஸ்' வேண்டும்.

3. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்றாள். 'ஐ ஹேவ்' என்பதே போதும்.

4. 'டிஸ்கஸ் அபௌட்' என்றாள். நாம் ஒன்றைப் 'பற்றி'ப் பேசுவதால் 'அபௌட்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 'டிஸ்கஸ்' மட்டும் போதும்.

5. 'எக்ஸாம்' என்பது 'யெக்ஸாம்' ஆனது. 'ஓப்பன்' என்பது 'வோப்பன்' ஆனது. 'மார்க்' என்பது 'மார்க்கு' ஆனது.

இவை எல்லாம் அறியாமையால் வந்த தவறுகள் அல்ல. தமிழ் இலக்கணமும் தமிழ் ஒலியும் ஆங்கிலத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டவை. எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் பிடிப்பது எளிது.

ஒரு 'பேக்', நான்கு சொற்கள்

'பேக்' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். பை என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதே எழுத்துதான். முதுகு, பொட்டலம் கட்டுதல், ரொட்டி சுடுதல் ஆகியவற்றுக்கும் அதே எழுத்துதான். நம் 'ப' ஒன்றே இரண்டு ஒலிக்கும் வேலை செய்கிறது. 'க'வும் அப்படியே. நர்ஸ் ஒருவர் முதுகு வலி என்று சொல்ல, கேட்பவர் பையைத் தேடினால் என்ன ஆவது?

இதைச் சோதிக்கக் கம்ப்யூட்டரில் ஒரு வசதி இருக்கிறது. முதலில் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குச் சென்று இங்கிலாந்து ஆங்கிலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் இணைப்பு இருக்க வேண்டும். நோட்பேடைத் திறந்துகொண்டு, விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி அந்த மொழிக்கு மாறுங்கள். பிறகு விண்டோஸ் கீயையும் 'எச்' கீயையும் சேர்த்து அழுத்துங்கள். மைக் படம் வரும். நீங்கள் பேசுவதைக் கம்ப்யூட்டர் டைப் செய்யும்.

பை என்பதற்கான சொல்லை அவள் பத்து முறை சொன்னாள். முதுகு என்பதற்கான சொல்தான் ஆறு முறை திரையில் வந்தது. அவள் முகம் மாறிவிட்டது. "இதைத்தான் அந்த எக்ஸாமினரும் கேட்டிருப்பாரா மாமா?" என்றாள்.

திருத்துவதற்கு இரண்டு வழிகள் உதவின. முதல் வழி, ஆங்கிலத்தில் 'பை' சொல்லின் நடு உயிரொலி கொஞ்சம் நீளும். 'முதுகு' சொல்லில் அது சட்டென்று வெட்டப்படும். கடைசி எழுத்தோடு மல்லுக்கட்டாமல் நடு ஒலியை நீட்டிச் சொன்னாலே பாதி வேறுபாடு வந்துவிடும்.

இரண்டாவது வழியைச் சொன்னவர் தைவான் இளைஞர். வாய்க்கு எதிரே ஒரு மெல்லிய தாள் துண்டைப் பிடித்தார். பொட்டலம் கட்டுதல் என்பதற்கான சொல்லைச் சொன்னபோது தாள் படபடத்தது. முதுகுக்கான சொல்லைச் சொன்னபோது அசையவில்லை. சீனத்தில் இந்த இரண்டு 'ப' ஒலிகளையும் பிரிப்பதே அந்த மூச்சுக்காற்றுதான். அதனால் அவருக்கு இது எளிது. என் அக்கா மகள் பத்து நாள் தாளைப் பிடித்துக்கொண்டு பழகினாள்.

ஓர் எச்சரிக்கை. முழு வாக்கியமாகப் பேசினால், முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானே சரியான சொல்லை ஊகித்துப் போட்டுவிடும். உச்சரிப்பைச் சோதிக்கத் தனிச் சொற்களையே சொல்லுங்கள். கம்ப்யூட்டர் சொல்வதே இறுதித் தீர்ப்பு என்றும் எண்ண வேண்டாம். வெள்ளைக்காரர்போலப் பேச வேண்டியதும் இல்லை. தமிழ் வாடை இருந்தாலும், எதிரே இருப்பவருக்குச் சிரமமின்றிப் புரிகிறதா என்பதுதான் முக்கியம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம பங்கு உண்டு.

கேட்டலும் எழுதுதலும்

கேட்டல் தேர்வில் 40 கேள்விகள் வரும். ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். ஆகவே பயிற்சியிலும் முதல் தடவை பாஸ் பட்டனைத் தொடாதீர்கள். தேர்வு நடத்துகிறவர்களின் இணையதளத்தில் மாதிரிக் கேள்விகள் இலவசமாகக் கிடைக்கும். விடை எழுதி முடித்தபின், விண்டோஸ் 11 என்றால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், 'எல்' மூன்றையும் சேர்த்து அழுத்தி மீண்டும் கேளுங்கள். பேசுவது எழுத்தாகத் திரையில் ஓடும். தவறவிட்ட சொல் எது என்று தெரிந்துவிடும். ஸ்பெல்லிங் தவறினால் அந்த விடைக்கு மதிப்பெண் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

எழுதுதலுக்கு 60 நிமிடம். முதல் கேள்விக்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதற்கு 250. இரண்டாவதற்கே மதிப்பெண்ணில் இரண்டு மடங்கு பங்கு. எனவே 20 நிமிடம், 40 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் டைப் செய்யலாம். எத்தனை சொற்கள் என்று கீழே காட்டும். கம்ப்யூட்டரில் எழுதும் தேர்விலும் சொல் எண்ணிக்கை தெரியும். ஆனால் ஸ்பெல்லிங் தவறைக் காட்டும் சிவப்புக் கோடு இருக்காது. ரைட்டரில் ஷிஃப்ட், எஃப்7 கீகளைச் சேர்த்து அழுத்தினால் அந்தக் கோடு மறைந்துவிடும். எழுதி முடித்தபின் எஃப்7 மட்டும் அழுத்தித் தவறுகளைப் பாருங்கள். அவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

தினமும் ஒரு மணி நேரம், நான்கு மாதம் பயிற்சி செய்தாள். பௌர்ணமி இரவுகளில் மட்டும் பதிவு செய்ய முடியவில்லை. கிரிவலக் கூட்டமும் மைக்செட்டும் வாசல்வரை வந்துவிடும். அன்று வாசித்தல் பயிற்சி மட்டும் செய்தாள். பட்டியலில் ஒரு தவறு தொடர்ந்து ஒரு வாரம் வராவிட்டால் அதை அடித்துவிடுவாள். கடைசிவரை அடிபடாமல் நின்றது அந்தச் சின்ன 'எ'தான்.

மறுபடியும் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினாள். இந்த முறை பேசுதலில் 7. மற்றவையும் குறையவில்லை. இப்போது வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். அக்காவின் வளையல் இன்னும் திரும்பி வரவில்லை. இனி வரும் என்ற நம்பிக்கை வந்திருக்கிறது.

முடிவு வந்த அன்று முதல் நாள் பதிவையும் கடைசி நாள் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். வேறுபாடு எங்கள் காதுக்கே தெரிந்தது. ஆகவே உங்கள் முதல் பதிவை இன்றே செய்யுங்கள். எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.