முதலில் தராசு, பிறகு ஸ்பேனர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வண்டியின் உள்பக்கத்தை முழுக்கக் கழற்றிவிட்டு, தரைத் தகட்டிலும் கதவுத் தூணிலும் சாக்பீஸால் வட்டங்கள் போட்டு வைத்திருக்கிறாய். நாளைக்கு ட்ரில் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். போடாதே. மற்ற விஷயங்களில் நான் சொல்வதை யோசித்து எடுத்துக்கொள். இந்த இரண்டு இடங்களில் மட்டும் யோசிக்க ஒன்றுமில்லை.

இந்த ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1963-இல் அமெரிக்காவில் பான்டியாக் நிறுவனம் நேர்கோட்டில் ஓடும் ட்ராக் (drag) பந்தயத்துக்கென்றே 14 கேட்டலினா கார்களைச் செய்தது. 421 கன அங்குல எஞ்சின், அலுமினிய பானெட், அலுமினிய மட்கார்டு. அதுவும் போதாதென்று சேஸிஸ் சட்டம் நெடுக வரிசையாக ஓட்டை போட்டார்கள். 'ஸ்விஸ் சீஸ்' என்று பெயர் விழுந்தது. அந்தப் படங்களைப் பார்க்கிற எவனுக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தக் கார்களுக்குச் சேஸிஸ் தனி, பாடி தனி. சட்டம் விரிசல் விட்டாலும் மேலே ஒரு கூடு இருந்தது. விரிசல் விடவும் செய்தது. உன் ஹேட்ச்பேக்கில் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத் தகடும் தூண்களும் கூரையும் சேர்ந்துதான் எலும்புக்கூடு. அதில் நீ ஐம்பது ஓட்டை போட்டாலும் வெளியே வரும் தகடு இரண்டு கிலோ தேறுமா என்பது சந்தேகம். அந்த இரண்டு கிலோவை டேங்கிலிருந்து மூன்று லிட்டர் பெட்ரோலை இறக்கியே எடுத்துவிடலாம்.

எடை குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் கணக்காகத் தெரிந்துகொள். கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டத்துக்கு, அமெரிக்கப் பந்தயக்காரர்கள் பல காலமாக வைத்திருக்கும் தோராயக் கணக்கு 100 பவுண்டுக்கு பத்தில் ஒரு விநாடி. நம் சின்ன வண்டிகளுக்கு லாபம் இன்னும் அதிகம். நேரம், எடையைக் குதிரைத்திறனால் வகுத்து வருவதன் கனமூலத்தை ஒட்டிப் போகிறது. அதனால் எடை 3 சதவீதம் இறங்கினால் நேரம் ஏறத்தாழ 1 சதவீதம் இறங்கும். நீ உட்கார்ந்த நிலையில் 900 கிலோ, 100 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால் உன் வண்டி 15.8 விநாடியை ஒட்டி ஓட வேண்டும். 50 கிலோவை எடுத்தால் கால் விநாடிக்குக் கொஞ்சம் மேலேயே மிச்சம். அந்த வேகத்தில் அது முடிவுக் கோட்டருகே பத்து மீட்டருக்கு மேல். உன் வண்டி நீளத்தில் ஏறக்குறைய மூன்று. எஞ்சினில் கை வைத்து இதே லாபத்தை எடுக்க எவ்வளவு செலவாகும் என்று உனக்கே தெரியும்.

ஆகவே எடையைக் குறை. தாராளமாகக் குறை. ஆனால் எதைக் கழற்றினாலும் அதைத் தராசில் வைத்து, நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு ஓரமாக வை. ஸ்டெப்னியும் ஜாக்கியும் சேர்ந்து 15 கிலோவை நெருங்கும். பின் சீட்டும் அதே அளவு. ஏ.சி. கம்ப்ரஸர், கன்டென்ஸர், குழாய்கள் எல்லாம் சேர்ந்தால் பத்துக்கு மேல். தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதன்மேல் உலர் பனிக்கட்டியைப் பரப்பிப் பத்து நிமிடம் விட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். ரப்பர் சுத்தியலால் தட்டி அள்ளிவிடலாம். கையுறை போட்டுக்கொள், கதவுகளைத் திறந்து வை. மூடிய இடத்தில் அந்தப் புகை மூச்சை அடைக்கும்.

முழு வண்டியையும் எடை மேடையில் ஏற்றும்போது மூன்று தடவை எடை போடு: முன் சக்கரங்கள் மட்டும் மேடையில், பிறகு முழு வண்டி, பிறகு பின் சக்கரங்கள் மட்டும். லாரிகளுக்கான மேடை ஐந்து கிலோ, பத்து கிலோவுக்குக் கீழே காட்டாது, பரவாயில்லை. முன்னும் பின்னும் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதுதான் உனக்கு வேண்டியது.

ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். பேட்டரியை டிக்கிக்கு மாற்றப்போவதாக எழுதியிருந்தாயே, அதுவும் அமெரிக்கப் பழக்கம். 1964-இல் ஃபோர்டு செய்த தண்டர்போல்ட்டில் ஃபைபர் பானெட், ஃபைபர் மட்கார்டு, பிளாஸ்டிக் ஜன்னல். ரேடியோ, ஹீட்டர், வெயில் மறைப்பு, பக்கத்து இருக்கைக்காரருக்கான வைப்பர் வரை எடுத்துவிட்டார்கள். அவ்வளவு கழித்த அதே ஆட்கள், ஒரு கனமான லாரி பேட்டரியைக் கொண்டுபோய் டிக்கியில், வலது பின் சக்கரத்துக்குப் பக்கமாக வைத்தார்கள். அந்தக் காரைத் தள்ளுவது பின் சக்கரங்கள். கிளம்பும்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு வலது பின் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். பேட்டரி அதை அழுத்திப் பிடித்தது. அந்த மூளையைப் பார்த்துத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

உன் வண்டியை இழுப்பதோ முன் சக்கரம். பச்சை விளக்கு எரிந்து நீ கிளட்சை விட்டதும் பாரம் பின்னால் சாயும். ஈர்ப்பு முடுக்கத்தில் பத்துக்கு நாலு பங்கு வேகமெடுத்தால், புவியீர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம், சக்கர இடைவெளி 2.4 மீட்டர் என்று கணக்கிட்டால், சுமார் 75 கிலோ முன் சக்கரங்களை விட்டுப் பின்னுக்குப் போய்விடும். பிடிப்பு மிகத் தேவையான அந்த நொடியில் டயர் வெறுமனே சுற்றும். இதில் பேட்டரியையும் பின்னால் கொண்டுபோனால் தராசில் ஒரு கிலோ குறையாது, கிளம்புவது மட்டும் கெடும். நீ முதலில் கை வைக்க வேண்டியது பின் அச்சுக்குப் பின்னால் இருப்பதில். பிறகு உயரத்தில் இருப்பதில். முன்பக்க எடையைக் கடைசியாகத் தொடு. ஒவ்வொன்றாக எடுத்து, முதல் இருபது மீட்டர் நேரத்தைப் பார்த்துக்கொண்டே போ.

சுற்றுகிற எடை தனிக் கதை. டயரின் ஓரத்தில் குறைக்கும் ஒரு கிலோ, சீட்டில் குறைக்கும் ஏறத்தாழ இரண்டு கிலோவுக்குச் சமம். ஏனென்றால் அதை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். பிளைவீல் இன்னும் ஆச்சரியம். இரண்டு கிலோவை அதிலிருந்து எடுத்தால், முதல் கியரில் வண்டியிலிருந்து ஐம்பது கிலோ போன மாதிரி இருக்கும். கியர் விகிதத்தின் வர்க்கத்தால் அது பெருகுகிறது. மேல் கியருக்குப் போகப்போக அந்த லாபம் கரைந்துவிடும். கிளம்பும்போது பிளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல்தான் வண்டியை முதலில் உந்துகிறது என்பதால், ரொம்பவும் லேசாக்கினால் எஞ்சின் அமுங்கிப் போகும்.

இதைப் படித்ததும் லேத் பட்டறைக்கு ஓடாதே. கம்பெனி பிளைவீல் வார்ப்பிரும்பு. அதைக் கடைந்து மெலிதாக்கி ஏழாயிரம் சுற்றுக்கு விரட்டினால் வெடிக்கும். துண்டுகள் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு வருவது ஓட்டுகிறவன் காலை நோக்கித்தான். 1970-இல் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் ட்ராக் ஸ்ட்ரிப்பில், ட்ராக்ஸ்டர் என்ற பந்தய வண்டியை ஓட்டிய டான் கார்லிட்ஸின் கியர்பாக்ஸ் வெடித்து அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. மருத்துவமனையிலிருந்து வந்து, எஞ்சினைத் தனக்குப் பின்னால் வைத்து வண்டி கட்டி, அடுத்த ஆண்டே அதைக் களத்தில் இறக்கினார். அந்த வகையில் உச்சத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இன்றும் அப்படித்தான் உட்காருகிறார்கள். லேசான பிளைவீல் வேண்டுமென்றால் பந்தயத்துக்கென்று சோதித்து விற்கும் ஸ்டீல் பிளைவீலை வாங்கு. பணம் இல்லையென்றால் பழையதே இருக்கட்டும்.

ஜன்னலுக்கு பிளாஸ்டிக் போடுவதானால் பாலிகார்பனேட் மட்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக், உடைந்தால் கத்தியாகும். முன் கண்ணாடியைத் தொடாதே. கதவுக்குள் குறுக்கே ஓடும் இரும்புக் குழாயை எடுக்காதே. முறையான ரோல் கேஜும் கதவுக் குறுக்குக் கம்பிகளும் வந்த பிறகு அதைப் பேசலாம். ஹீட்டரையும் ஏ.சி.யையும் எடுத்த இடத்தில் எஞ்சின் அறைச் சுவரில் ஓட்டை இருக்கும். தகடு வைத்து அடை, தீ வருகிற வழி அது. பெட்ரோலைக் குறைவாக வைத்தால், கிளம்பும்போது அது டேங்கின் பின்சுவரில் போய் மோதும். பம்ப் உறிஞ்சும் இடம் காய்ந்துவிடாதபடி தடுப்பு வை. பிரேக்கில் ஒரு கிராம்கூடக் குறைக்கக் கூடாது.

கேஜ் போட்டால் முப்பது, நாற்பது கிலோ ஏறும் என்று வருத்தப்படுவாய். ஏறட்டும். பெரிய பந்தயங்களில் ஒவ்வொரு வகுப்புக்கும் குறைந்தபட்ச எடை உண்டு. அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு நடத்தும் ப்ரோ ஸ்டாக் வகுப்பில் ஓட்டுநரோடு சேர்த்து 2,350 பவுண்டு, சுமார் 1,066 கிலோ. அந்த அளவுக்குக் கீழே வரும்படி வண்டியைக் கட்டிவிட்டு, மிச்சத்தை ஈயக்கட்டியாகவும் இரும்புக்கட்டியாகவும் தாங்கள் விரும்பிய இடத்தில் போல்ட் போட்டு வைக்கிறார்கள். தேவையில்லாத இடத்திலிருந்து எடுத்து, தேவையான இடத்தில் வைக்கிறார்கள். நீ குறைத்த ஐம்பது கிலோவில் பெரும்பகுதி உன் தலைக்கு மேல் கேஜாகத் திரும்பி வந்தால் அது நஷ்டக் கணக்கு இல்லை.

இன்னொன்று. இவ்வளவும் செய்த பிறகு இந்த வண்டி சாலைக்கு உரியதல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இப்படி மாற்றிய வண்டியைச் சாலையில் அனுமதிப்பதில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஸ்டெப்னியும் பின் சீட்டும் இல்லாமல் பின்பக்கம் லேசாகிப்போன முன்சக்கர வண்டி, வேகத்தில் பிரேக் அடித்தால் பின்பக்கத்தைச் சுழற்றிவிடும். ஈ.சி.ஆரில் நள்ளிரவில் ஓட்டிப் பார்க்க உன்னை யாராவது கூப்பிடுவார்கள். எதிரே வருகிறவனுக்கு நீ பந்தயம் ஓட்டுவது தெரியாது. போகாதே. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கோ செட்டிபாளையத்துத் தடத்துக்கோ டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோ. தடத்தை முறையாகக் கேட்டு வாங்கி, அங்கே பரிசோதிக்கும் அதிகாரிகள் அடியிலிருந்து மேல்வரை பார்க்கட்டும். அவர்கள் குறை சொன்னால் சண்டை போடாமல் எழுதிக்கொள்.

இப்போதைக்குச் சாக்பீஸ் வட்டங்களைத் துணியால் துடைத்துவிடு. இந்த வாரமே எடை மேடைக்குப் போய்விட்டு வா. முன் அச்சு, பின் அச்சு, மொத்தம், மூன்றையும் நீ உட்கார்ந்த நிலையில் போட்டு, டேங்கில் எத்தனை லிட்டர் இருந்தது என்பதையும் சேர்த்து எனக்கு எழுது. அடுத்து எதைக் கழற்றலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்