பெட்ரோலில் கலந்த காரீயம்

மோட்டார் வண்டியைப் பற்றி நான் பேச்செடுத்தாலே விடுதி நண்பர்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். ஆயினும் இக்கட்டுரை வண்டியைப் பற்றியது மட்டுமன்று. உலகின் வயதைக் கணக்கிடப் புகுந்த ஒருவர் வண்டிப் புகையில் வந்து முட்டிக்கொண்ட வரலாறும் இதில் உண்டு.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் வீடுகளில் ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறார்களே, அந்த ஈயம் வெள்ளீயம். இங்கே நாம் பேசப்போவது காரீயம், அது நஞ்சு. காரீயக் குழாய் நீர் உடலுக்குத் தீங்கு என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார்.

அந்த நஞ்சு பெட்ரோலில் ஏன் புகுந்தது? எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட எஞ்சினின் வலிமையும் கூடும். பொறி பட்டதும் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காகப் பரவ வேண்டும். அளவுக்கு மீறி அழுத்தினாலோ, தீ வந்து சேருமுன்பே கோடியிலுள்ள கலவை தானாகப் பற்றி வெடிக்கிறது. சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும், எஞ்சினும் பழுதுபடும். இதுவே ‘நாக்கிங்’.

1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி இதற்கு மருந்து கண்டார். டெட்ரா எத்தில் லெட் என்னும் காரீயத் திரவத்தை, ஆயிரம் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கிற்கும் குறைவாகச் சேர்த்தாலே ஓசை அடங்கிற்று. சாராயம் சேர்த்தாலும் அடங்கும் என்பதை அவரே அறிவார். ஆனால் அது மிகுதியாக வேண்டும். அதற்குத் தனியுரிமை பெற்றுப் பணம் பண்ணவும் வழியில்லை. (2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவிகிதத்தை எட்டியதை நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.) 1923-இல் விற்பனைக்கு வந்த புதுச் சரக்குக்கு ‘எத்தில்’ என்று பெயர். ஈயம் என்ற சொல்லே அதில் இல்லை! 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலையொன்றில் தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். அம்மாத இறுதியிலேயே மிட்ஜ்லி செய்தியாளர் முன் அத்திரவத்தில் கை கழுவிக் காட்டினார்.

காரீயம் எல்லோர் உடலிலும் இயல்பாக உள்ளதுதான், சிறிதளவு இருந்தால் கேடில்லை என்று எத்தில் நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகர் ராபர்ட் கீஹோ பல்லாண்டுகள் வாதித்தார். அவ்வாதத்தை எவ்வாறு மறுப்பது? புகையைச் சுவாசிக்காத மனிதர் எவரேனும் இருந்தால்தானே ஒப்பிட முடியும்?

இங்கேதான் கிளேர் பாட்டர்சன் வருகிறார். யுரேனியம் சிதைந்து சிதைந்து காரீயமாகிறது. விண்கற்களிலுள்ள காரீய வகைகளின் விகிதத்தை அளந்து, உலகின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் அவர் வெளியிட்டார். அதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. கல்லிலுள்ள ஈயத்தை அளக்க முடியாதபடி காற்றிலிருந்தும், தூசியிலிருந்தும், கண்ணாடிக் கலத்திலிருந்தும், அமிலத்திலிருந்தும் ஈயம் வந்து கலந்துகொண்டே இருந்தது. ஆய்வுக்கூடத்தை மூலை முடுக்கெல்லாம் துடைத்துத் தூய்மை செய்த பின்னரே கணக்கு நேராயிற்று.

வேறொருவராயின் அத்துடன் விட்டிருப்பார். இவரோ, இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடப் புறப்பட்டார். கடலில் ஆழ்நீரைவிட மேல்நீரில் ஈயம் மிகுதி. ஆகவே அது அண்மையில் மேலிருந்து விழுந்தது. கிரீன்லாந்தில் ஆண்டுதோறும் படிந்த பனி அடுக்குகளைத் தோண்டி அளந்தபோது, பழைய அடுக்குகளில் ஈயம் மிகச் சொற்பமாகவும், 1940-க்குப் பின் விழுந்த பனியில் கிடுகிடுவென்று ஏறியும் இருந்தது. கீஹோவுக்கு விடை அந்தப் பனியில் இருந்தது. எங்கும் காணப்படும் அளவு வேறு, இயற்கையான அளவு வேறு என்று 1965-இலேயே பாட்டர்சன் எழுதினார்.

இத்தனைக்கும் பிறகு அமெரிக்காவில் ஈயமில்லாப் பெட்ரோலைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது குழந்தைகளின் மூளையைப் பற்றிய கவலை மட்டுமன்று. 1975-ஆம் ஆண்டு வண்டிகளில் பொருத்திய கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்னும் புகை சுத்திகரிக்கும் கருவியை ஈயம் கெடுத்துவிடும் என்பது பெரிய காரணம். மனிதனைக் கெடுத்தபோது ஐம்பதாண்டுகள் பொறுத்தவர்கள், கருவியைக் கெடுத்தபோது பொறுக்கவில்லை!

சாலை வண்டிகளுக்கு அங்கே முழுத் தடை வந்தது 1996 ஜனவரியில். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு பாட்டர்சன் காலமாகிவிட்டார். நம் நாட்டில் 2000-இல் அது ஒழிந்தது. கடைசியாக 2021-இல் அல்ஜீரியா நிறுத்திற்று. பிஸ்டன் எஞ்சின் பூட்டிய சிறு விமானங்கள் பலவற்றின் பெட்ரோலில் மட்டும் இன்றும் அதைக் கலக்கிறார்கள்.