பழைய மாருதி 800-க்குச் சிக்கனப் பராமரிப்பு: 19 குறிப்புகள்

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆனாலும் நம் தெருக்களில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், எளிமையான இன்ஜின். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகிய வண்டி. இந்த மாதிரிப் பழைய சின்னக் காரில் வருகிற பெரிய செலவுகளில் பாதி, ஒரு சின்ன ரப்பர் சாமானை நேரத்துக்கு மாற்றாமல் விட்டதால் வருபவைதான். ஆல்டோ, ஆம்னி, ஸென், சான்ட்ரோ வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

1. ராத்திரி வண்டியை நிறுத்தும்போது இன்ஜினுக்குக் கீழே ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு வையுங்கள். காலையில் கறுப்பாகப் பிசுபிசுத்தால் இன்ஜின் ஆயில், பச்சையோ சிவப்போ நீலமோ தெரிந்தால் கூலன்ட், சக்கரத்துக்குப் பக்கத்தில் வழவழவென்று இருந்தால் பிரேக் ஆயில் என்று வைத்துக்கொள்ளலாம். ஏ.சி. போட்டு ஓட்டிய பிறகு சொட்டுகிற தெளிந்த தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம்.

2. ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து குழாயை அடைத்துவிடும், அப்புறம் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்கிற கூலி தண்டம். கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்கள், அளவைக் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பாருங்கள்.

3. மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து, குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் ஹோஸ் பைப்புகளை விரலால் அமுக்கிப் பாருங்கள். விறைத்துப் போயிருந்தாலோ, கிளிப் போட்ட இடத்தில் வெடிப்பு தெரிந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

4. வண்டி சூடானபின் நிறுத்தி ஐடிலிங்கில் விட்டால், சற்று நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நிற்க வேண்டும். ஓடவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ஃபேன் சுவிட்ச், கடைசியாகத்தான் மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம், சூடே ஆகாது" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

5. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போய்விடலாம்" என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும், ஹெட்டே வளைந்தும் போகலாம். கேஸ்கெட் விலை சொற்பம், ஹெட்டை இறக்கி ஏற்றுகிற கூலியும் லேத்தில் தளம் பிடிக்கிற செலவும்தான் பல ஆயிரங்களைத் தின்னும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, கொதி தண்ணீர் முகத்தில் அடிக்கும். ஆயில் டிப் ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

6. மாருதி 800-ல் டைமிங் பெல்ட் ரப்பர்தான், செயின் கிடையாது. எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கி, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். அதோடு டென்ஷனர் பேரிங்கையும் பின்னால் இருக்கும் ஆயில் சீல்களையும் சேர்த்து மாற்றினால் ஒரே கூலியில் முடியும். பெல்ட் நடுவழியில் அறுந்தால் வண்டி நின்ற இடம்தான். சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி வால்வு வளைந்துவிடும்.

7. சின்ன இன்ஜின் என்பதால் ஆயிலும் சின்ன அளவுதான், மூன்று லிட்டர் டப்பா ஒன்று போதும். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். மேலே டேப்பட் கவர் ஓரத்தில் ஆயில் கசிந்தால் கேஸ்கெட் மட்டும் போட்டால் சரியாகிவிடும், "இன்ஜின் வேலை" என்று யாராவது சொன்னாலும் பதறாதீர்கள்.

8. மைலேஜ் குறைந்தால் முதலில் ஏர் ஃபில்டர், மூன்று ஸ்பார்க் பிளக், பிளக் வயர்கள், டயர் காற்று இந்த நான்கையும் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியானால் ஜெட் சுத்தம் செய்து டியூனிங் வைத்தாலே பெரும்பாலும் பழைய மைலேஜ் திரும்பிவிடும். பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

9. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டிகளின் ரப்பர் பெட்ரோல் குழாய்கள் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. வருடம் ஒருமுறை அவற்றைப் பார்த்து, உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டு வைக்காதீர்கள். காருக்குள் பெட்ரோல் வாசனை வந்தால் அன்றே காட்டிவிடுங்கள், தீப்பிடிக்கிற விஷயம்.

10. பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், முதலில் மைனஸ் வயரையும் அடுத்துப் பிளஸ் வயரையும் கழற்றுங்கள். ஆப்பச் சோடா கரைத்த வெந்நீரைப் பழைய பல் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்துத் துடையுங்கள். காய்ந்ததும் இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் மறுபடி பூப்பது வெகுவாகக் குறையும்.

11. பேட்டரி அடிக்கடி இறங்கினால் புதுசு வாங்க ஓடாதீர்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும். அதைவிட மிகவும் குறைந்தால் குறை சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரிலோ தளர்ந்த பெல்ட்டிலோ இருக்கலாம். அதைப் பார்க்காமல் மாட்டுகிற புதுப் பேட்டரியும் அதே மாதிரி இறங்கிவிடும்.

12. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, சாவியைத் திருப்பினால் "டிக்" சத்தம் மட்டும் வருகிறதா? முதலில் எர்த் வயரை இறுக்கிப் பார்த்து, பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் மாற்றச் சொல்லுங்கள். புது செல்ஃப் விலையில் சின்னப் பங்குதான் ஆகும்.

13. முன்சக்கரத்துக்கு உள்பக்கம் ஆக்சிலில் மாட்டியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று சர்வீஸின்போது எட்டிப் பாருங்கள். கிழிசல் வழியே கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போனால், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது "டக் டக்" என்று சத்தம் வர ஆரம்பிக்கும். பூட் மாற்ற நூற்றுக்கணக்கில், ஜாயின்ட் மாற்ற ஆயிரக்கணக்கில்.

14. கிளட்ச் பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அன்பாகச் சொல்லித் திருத்துங்கள். மேட்டில் இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி வேகம் எடுக்காவிட்டால் முதலில் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளேட் மாற்றியே ஆகவேண்டும் என்றால் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து செட்டாகவே போடுங்கள், கியர்பாக்ஸை இரண்டு தடவை இறக்குகிற கூலி மிச்சம்.

15. பிரேக்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். முன்னால் பேட், பின்னால் ஷூ, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில், எல்லாம் நல்ல கம்பெனிப் பொருளாகவே இருக்கட்டும்.

16. பழைய காரில் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டி வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். புதுசு வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

17. இன்ஜினைவிடத் துருதான் பழைய காருக்குப் பெரிய எதிரி, கடலோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். மழைக்காலத்தில் மேட்டை எடுத்து ஃப்ளோரைக் காயவிடுங்கள். கதவுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் வடிகிற துளைகளில் ஒரு ஈர்க்குச்சியை விட்டு அடைப்பை நீக்குங்கள். சின்னத் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்துவிட்டால் டிங்கரிங் செலவைப் பல வருடம் தள்ளிப் போடலாம். டிங்கரிங் என்று இறங்கினால் இன்ஜின் வேலையைவிட அதிகமாகிவிடும்.

18. கண்ணாடி, கதவுக் கைப்பிடி, பம்பர், விளக்கு மாதிரி சாமான்களைச் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழசாகவே வாங்கலாம், விலையும் குறைவு. பெல்ட், ஹோஸ், பிரேக், பால் ஜாயின்ட் இவற்றைப் பழசாக வாங்காதீர்கள். மெக்கானிக்கிடம் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிற்பாடு விற்கும்போது அந்த நோட்டே நல்ல விலை பேசித் தரும்.

19. கடைசியாக ஒரு காகித வேலை. தனியார் காரின் ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஆகவே பெரிய ரிப்பேர் எதற்கும் முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யை எடுத்துத் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்க ஆகும் தொகையையும் ரிப்பேர் தொகையையும் கூட்டி, அது வண்டியின் இன்றைய விலையைத் தாண்டினால் அந்த ரிப்பேரைச் செய்யாதீர்கள்.